முகவாதம்: யாருக்கு வரும்? ஏன் வரும்?

(பொன்விழா ஆண்டை முன்னிட்டு, நோயாளர் நாளன்று நம் பங்கில் நடந்த மருத்துவ முகாமின் தொடக்கத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)





பிப்ரவரி 11ஆம் நாள் லூர்து அன்னையின் திருநாள். 1993ஆம் ஆண்டிலிருந்து திருச்சபை அதனை உலக நோயாளர் நாளாகவும் கொண்டாடி வருகிறது. இந்த நாளில் ஒரு நோயைப் பற்றிச் சிறிது நேரம் பேசலாம் என்று எண்ணினோம். நாம் மருத்துவம் கற்றவர் அல்லர். குருமடத்தில் நமக்குக் கற்றுத் தந்தது தத்துவமும் இறையியலும். ஆயினும் மருத்துவ அறிஞர்கள் ஆய்ந்து நிலைநாட்டியவற்றைப் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டு, எளிய முறையில் உங்கள்முன் வைக்கிறோம். தவறாமல் கேளுங்கள், மற்றவர்க்கும் சொல்லுங்கள்.

பெரிய நோய்கள் எத்தனையோ இருக்க, முகவாதத்தை ஏன் எடுத்துக்கொண்டோம் என்று சிலர் நினைக்கலாம். இந்த நோய்க்கு நம்மவர் சொல்லும் காரணங்கள் ஏராளம். காற்று அடித்தது என்பார் ஒருவர். கண்ணேறு என்பார் மற்றொருவர். செய்வினை என்பார் இன்னொருவர். அந்தக் காரணத்தைத் தேடி அலைவதிலேயே மூன்று நாள் போய்விடுகிறது. இந்த நோயில் விலைமதிப்பற்றவை அந்த மூன்று நாள்களே. ஆகவே, 'யார் செய்தது?' என்னும் கேள்வியை விட்டுவிட்டு, 'யாருக்கு வரும்? வந்தால் என்ன செய்வது?' என்னும் கேள்விகளுக்கு விடை காண்போம்.

நோய் எது?

இரவு நலமாகப் படுத்தவர் காலையில் எழுந்து பல் துலக்குகிறார். வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகுகிறது. கண்ணாடியில் பார்த்தால் முகத்தின் ஒரு பாதி துவண்டு கிடக்கிறது. சிரித்தால் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்கிறது. புருவத்தை உயர்த்தினால் நெற்றியின் ஒரு பாதியே சுருங்குகிறது. ஒரு கண் மூட மறுக்கிறது. வலிந்து மூட முயன்றால் விழி மேலே உருண்டு வெள்ளை மட்டும் தெரிகிறது. காப்பி கடைவாயில் வழிகிறது. சோறு கன்னத்துக்குள் தங்கிவிடுகிறது. 'அப்பா', 'அம்மா' என்னும் சொற்களே தடுமாறுகின்றன. ஏனெனில் பகரமும் மகரமும் இரண்டு உதடும் நன்கு பொருந்தினால்தான் ஒலிக்கும். சிலருக்குக் காதுக்குப் பின்னால் வலிக்கும். சிலருக்கு நாக்கின் ஒரு பக்கம் சுவை தெரியாது. சிலருக்கு அந்தப் பக்கத்துக் காதில் கோவில் மணியோசைகூட இடியோசைபோல் கேட்கும்.

நாட்டு வழக்கில் இதனை முகவாதம் என்கிறோம். மருத்துவர்கள் 'பெல்ஸ் பால்ஸி' என்பார்கள். சர் சார்லஸ் பெல் என்பவர் 1774இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்த அறுவை மருத்துவர். 1821இல் லண்டன் இராயல் சொசைட்டியில் நரம்புகளைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டு, முகத்தை அசைக்கும் நரம்பின் வேலையை விளக்கினார். அதனால் நோய்க்கு அவர் பெயர் நிலைத்தது. ஆனால் நோய் அவருக்கு மிகவும் முந்தியது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பாரசீக மருத்துவர் அல் ராஸியும் முகம் கோணும் நோயைப் பற்றி எழுதியிருக்கிறார்.

முகத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நரம்பு உண்டு. மூளையிலிருந்து நேரே புறப்படும் பன்னிரண்டு இணை நரம்புகளில் அது ஏழாவது. காதருகே உள்ள எலும்புக்குள் குடைந்த ஒரு சிறு குழாய் வழியாக அது முகத்துக்கு வந்து சேர்கிறது. அந்தக் குழாய் ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் நீளம். அதன் மிகக் குறுகிய இடம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. விரல் வீங்கினால் மோதிரம் இறுக்குவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதுபோலவே இங்கும் நடக்கிறது. ஏதோ ஒரு காரணத்தால் நரம்பு வீங்குகிறது. சுற்றிலும் எலும்பு, விரிய இடமில்லை. இரத்த ஓட்டம் குறைகிறது. மூளையின் கட்டளை முகத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. சில மணி நேரத்திலோ, இரண்டு மூன்று நாள்களிலோ பாதி முகம் அசைவற்றுப் போகிறது. இவ்வளவு திடீரென்று வருவதன் காரணம் இதுவே. இதில் மாயம் எதுவும் இல்லை.

எத்தனை பேருக்கு வருகிறது?

இது அரிய நோய் அன்று. ஓராண்டில் ஒரு இலட்சம் பேரில் 15 முதல் 30 பேருக்கு வருவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். வாழ்நாள் முழுவதையும் எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ அறுபது எழுபது பேரில் ஒருவருக்கு என்றாவது ஒரு நாள் வருகிறது. ஆயிரம் பேர் உள்ள ஒரு பங்கில் பதினைந்து பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லை. வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒரே அளவில் பாதிக்கப்படுகின்றன. பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் குறைவு. உழைக்கும் வயதினருக்கே மிகுதி.

காய்ந்த கூரையும் தீப்பொறியும்

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். யாருக்கு வரும்? மருத்துவர்கள் 'இவருக்குக் கட்டாயம் வரும்' என்று எவரையும் சுட்டுவதில்லை. 'இவருக்கு வரும் வாய்ப்பு மற்றவரைவிடக் கூடுதல்' என்றே சொல்கிறார்கள். கோடையில் காய்ந்து கிடக்கும் ஓலைக் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். கூரை காய்ந்திருப்பதால் மட்டும் தீப்பிடிப்பதில்லை. ஆனால் எங்கிருந்தோ ஒரு பொறி பறந்து வந்து விழுந்தால், நனைந்த கூரை தப்பும். காய்ந்த கூரை பற்றிக்கொள்ளும். அதுபோல உடலைக் காய்ந்த கூரையாக்கும் நிலைகள் சில உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, நீரிழிவு. சர்க்கரை வியாதி என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் இந்நோய், நரம்புகளுக்கு உணவு கொண்டுபோகும் மிக நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. ஏற்கெனவே பசியோடிருக்கும் நரம்பு சிறிது வீங்கினாலும் தாங்குவதில்லை. ஆகவே சர்க்கரை உள்ளவர்களுக்கு முகவாதம் வரும் வாய்ப்பும் கூடுதல். வந்தால் குணமாக எடுக்கும் காலமும் பெரும்பாலும் கூடுதல். நம் நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 11.4 பேருக்கு, அதாவது பத்துக் கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை இருப்பதாக 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொல்கிறது. அவர்களுள் பலருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது. முகம் கோணி மருத்துவரிடம் போன பிறகே தமக்குச் சர்க்கரை இருப்பதைத் தெரிந்துகொள்பவர்களும் உண்டு. எனவே முகவாதம் கண்ட ஒவ்வொருவரும் சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, தாய்மை நிலை. 1975இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, கர்ப்பிணிகளுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு அதே வயதுடைய மற்றப் பெண்களைவிட ஏறத்தாழ மும்மடங்கு என்று கண்டது. அதிலும் கடைசி மூன்று மாதங்களிலும், பிள்ளை பெற்ற முதல் வாரத்திலுமே மிகுதியாக வருகிறது. அந்தக் காலத்தில் உடலில் நீர் தேங்குவதும், நோய் எதிர்ப்பு ஆற்றல் மாறுவதும் இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. கர்ப்ப காலத்தில் இரத்தக் கொதிப்பு ஏறி, சிறுநீரில் புரதம் கண்டு, கைகால் வீங்கும் நிலைக்கும் முகவாதத்துக்கும் தொடர்பு இருப்பதை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். தாய்மார்களே, இதை நன்றாக மனத்தில் வையுங்கள். கர்ப்பிணி மருமகளின் முகம் கோணினால், 'பனி பட்டிருக்கும், பத்தியம் இருந்தால் போய்விடும்' என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது. பிள்ளை பெற்றவளுக்கு வந்தால், 'பச்சை உடம்பு, வெளியே போகக் கூடாது' என்று அறைக்குள் அடைத்து வைக்கவும் கூடாது. அன்றைக்கே மருத்துவரிடம் காட்டி, இரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்ல வேண்டும். முகம் கோணியது, தாய்க்கும் சேய்க்கும் வரவிருக்கும் பெரிய ஆபத்தின் முன்னறிவிப்பாகவும் இருக்கக்கூடும்.

மூன்றாவது, இரத்தக் கொதிப்பும் மிகுந்த உடல் எடையும். இவை இரண்டும் சர்க்கரையோடு கைகோத்து வருபவை. கொதிப்புக்கு மருந்து சாப்பிடுகிறவர்களில் பலர், தலைசுற்றல் நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். உடம்பு ஒன்றும் சொல்லாததால் நோய் போய்விட்டது என்று எண்ணிவிடுகிறார்கள். கொதிப்பு சத்தமில்லாமல் வேலை செய்யும் நோய் என்பதை மறக்கக் கூடாது.

நான்காவது, அண்மையில் வந்த சளியும் காய்ச்சலும். மேலே பொறி என்றோமே, அது பெரும்பாலும் இங்கிருந்தே கிளம்புகிறது. காய்ச்சல் விட்ட பிறகு சிலருக்கு உதட்டோரம் கொத்தாகக் கொப்புளம் பொரிவதைப் பார்த்திருப்பீர்கள். அதை உண்டாக்கும் வைரஸ் கிருமி, கொப்புளம் ஆறிய பிறகும் உடலைவிட்டுப் போவதில்லை. நரம்பு முடிச்சுகளில் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். உடல் சோர்ந்திருக்கும் வேளையில் மீண்டும் விழித்துக்கொள்ளும். 1996இல் ஜப்பானிய மருத்துவர்கள், கடுமையான முகவாதம் கண்டு அறுவைச் சிகிச்சைக்கு வந்த 14 பேரின் நரம்பு நீரைச் சோதித்தபோது, 11 பேரிடம் இந்தக் கிருமியின் அடையாளத்தைக் கண்டார்கள். எல்லாருக்கும் காரணம் இதுதான் என்று முடிவாகச் சொல்ல முடியாவிட்டாலும், பெரும் ஐயம் இதன்மீதே விழுகிறது. கொரோனா காலத்தில் சிலர் தடுப்பூசியால் முகம் கோணும் என்று அஞ்சினார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களைவிட, கொரோனா நோயுற்றவர்களுக்கே முகவாதம் பன்மடங்கு அதிகம் வந்ததாக 2021இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது.

ஐந்தாவது, குடும்ப வழியும் முன்வரலாறும். சில குடும்பங்களில் ஒன்றுக்கு மேற்பட்டோருக்கு இது வருவதுண்டு. ஒருமுறை வந்து குணமானவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில் மீண்டும் வருகிறது. இருமுறை மும்முறை வந்தால் வேறு காரணம் உண்டா என்று மருத்துவர் ஆராய வேண்டும்.

இந்த ஐந்தில் குடும்ப வழியை நம்மால் மாற்ற முடியாது. தாய்மை இறைவன் தரும் பேறு. அங்கே வேண்டியது விழிப்பு. ஆனால் சர்க்கரை, கொதிப்பு, எடை ஆகிய மூன்றும் பெரும்பாலும் நம் கையில் இருப்பவை. அதே வேளையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த ஐந்தில் ஒன்றுகூட இல்லாத, நல்ல திடகாத்திரமான இளைஞருக்கும் முகவாதம் வருவதுண்டு. ஆகவே நோயுற்றவரைப் பார்த்து, 'நீ உடம்பைக் கவனிக்கவில்லை, அதனால் வந்தது' என்று குற்றம் சாட்ட நமக்கு உரிமை இல்லை.

காற்றும் செய்வினையும்

காற்றைப் பற்றிக் கேட்பீர்கள். 'பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து வந்தார், எதிர்காற்று அடித்துவிட்டது' என்பது நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு. இதில் உண்மை அறவே இல்லையா? 1997 அக்டோபர் முதல் 1999 செப்டம்பர் வரை அமெரிக்கப் படையினரிடையே முகவாதம் கண்ட 1,181 பேரின் கணக்கை எடுத்தார்கள். குளிர் மாதங்களிலும், வறண்ட நிலப்பகுதிகளிலும் நோய் ஏறத்தாழ முப்பது விழுக்காடு கூடுதலாக இருந்தது. ஆகவே பருவத்துக்கும் ஒரு சிறு பங்கு உண்டு; பெரியவர்கள் சொன்னது முழுவதும் வீண்பேச்சு அன்று. ஆனால் அது சிறு பங்கே. ஒரே பேருந்தில் சன்னலோரம் இருபது பேர் வருகிறார்கள். இருபது பேருக்கும் முகம் கோணுவதில்லை. காற்றின்மேல் பழியைப் போட்டுவிட்டு, சர்க்கரையைப் பார்க்காமல் விடுவதுதான் தீங்கு.

செய்வினையைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். 'சாமி, பிள்ளைக்கு வாய் கோணிக்கிடுச்சு. யாரோ என்னமோ வச்சிருக்காங்க. மந்திரிச்சு விடுங்க' என்று நம் பங்கு இல்லத்துக்கு வருபவர்கள் உண்டு. நாம் செபிக்கிறோம், மந்திரித்த எண்ணெயும் தருகிறோம். செபத்தை நாம் ஒருபோதும் மறுப்பதில்லை. ஆனால் செபம் மருத்துவருக்கு எதிரி அன்று. மருத்துவரை மதிக்கும்படி சீராக்கின் ஞான நூல் ஓர் அதிகாரத்தில் விரிவாகச் சொல்கிறது. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டபோது, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டார்கள். ஆண்டவர் அந்தக் கேள்வியையே ஏற்கவில்லை. நோய்க்கு எதிரியைத் தேடத் தொடங்கினால், பக்கத்து வீட்டுக்காரரும் பங்காளியும் எதிரியாகத் தெரிவார்கள். நரம்பு வீங்கியதற்காக உறவு முறிந்துபோன குடும்பங்கள் உண்டு. முகம் சில வாரத்தில் நேராகிவிடும். முறிந்த உறவு அப்படி நேராவதில்லை.

புறா இரத்தம் தேய்ப்பது, கொதிக்கக் கொதிக்க ஒத்தடம் கொடுப்பது, கன்னத்தில் சூடு வைப்பது முதலியவை எலும்புக்குள் இருக்கும் வீக்கத்தைத் தொடுவதில்லை. தோலைப் புண்ணாக்குவதே அவற்றின் பயன்.

ஒன்றுபோல் தோன்றும் வேறு நோய்கள்

முகம் கோணுவதெல்லாம் முகவாதம் அன்று. மூளையில் இரத்தக் குழாய் அடைபட்டோ வெடித்தோ வரும் பக்கவாதத்திலும் முகம் கோணும். மருத்துவர்கள் முதலில் நெற்றியைப் பார்ப்பார்கள். நெற்றித் தசைகளுக்கு மூளையின் இரு பக்கத்திலிருந்தும் கட்டளை வருகிறது. எனவே பக்கவாதத்தில் பொதுவாக வாய் கோணினாலும் நெற்றி சுருங்கும். முகவாதத்திலோ நெற்றியும் சுருங்காது. இதை உங்களுக்குச் சொல்வது, வீட்டிலேயே சோதித்து முடிவு கட்டுவதற்காக அன்று. கை தூக்க முடியவில்லை, கால் இழுக்கிறது, பேச்சுக் குழறுகிறது, சொல்வது புரியவில்லை, நடை தள்ளாடுகிறது, தாங்க முடியாத தலைவலி என்று எதுவும் சேர்ந்திருந்தால், மூன்று நாள் அல்ல, மூன்று நிமிடமும் காத்திருக்கக் கூடாது. 108க்கு அழையுங்கள். பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஐயம் இருந்தாலும் ஓடுங்கள். 'வெறும் முகவாதம்தான்' என்று டாக்டர் சொன்னால் நிம்மதியாகத் திரும்பலாம்.

இன்னும் சில உண்டு. காதிலோ வாயிலோ கொப்புளம் பொரிந்து, கடுமையான காதுவலியோடு முகம் கோணினால், அது அக்கியாக இருக்கலாம். சின்னம்மையை உண்டாக்கும் கிருமியே இதற்கும் காரணம். ராம்சே ஹன்ட் என்னும் அமெரிக்க மருத்துவர் 1907இல் இதை விளக்கினார். இதற்குத் தனி மருந்து உண்டு. நெடுநாளாகக் காதில் சீழ் வடிகிறவருக்கு முகம் கோணினால், சீழ் எலும்பை அரித்து நரம்பைத் தொட்டிருக்கலாம். காது மருத்துவர் உடனே பார்க்க வேண்டும். உணர்ச்சியற்ற தேமலோடு இமை மூடாமல் போனால் தொழுநோயை நினைக்க வேண்டும். அதுவும் இன்று முற்றிலும் குணமாகக் கூடியதே. திடீரென்று வராமல் வாரக்கணக்கில் சிறிது சிறிதாக முகம் துவண்டால், எங்காவது கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்று நாள்

தொடக்கத்தில் மூன்று நாள் என்று சொன்னோம். அதன் பொருளை இப்போது விளக்குவோம். 2007இல் ஸ்காட்லாந்திலிருந்து ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. முகம் கோணி 72 மணி நேரத்துக்குள் வந்த 551 பேர் அதில் பங்கேற்றனர். சிலருக்குப் 'பிரட்னிசோலோன்' என்னும், வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்தைப் பத்து நாள் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 83 பேர் முழுமையாகக் குணமடைந்திருந்தார்கள். பெறாதவர்களில் 64 பேர் அளவே. ஒன்பதாம் மாதத்தில் அது 94க்கும் 82க்கும் ஆயிற்று. அதாவது, காலத்தோடு கொடுத்த சில மாத்திரைகளால் நூற்றுக்குப் பன்னிரண்டு முகங்கள் கூடுதலாக நேராயின. வீக்கம் புதிதாக இருக்கும்போதே குறைத்தால் நரம்பு பிழைக்கிறது. நாள் கடந்தால் நரம்பின் இழைகள் பட்டுப்போகின்றன.

இதைக் கேட்டவுடன் மருந்துக் கடைக்கு ஓடி அந்த மாத்திரையை நீங்களே வாங்கிவிடாதீர்கள். அது சர்க்கரையை ஏற்றும்; வயிற்றைப் புண்ணாக்கும். யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். 'எனக்குச் சர்க்கரை இருக்கிறது', 'நான் முழுகாமல் இருக்கிறேன்', 'கொதிப்புக்கு இந்த மாத்திரை சாப்பிடுகிறேன்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மருந்தைவிட முந்தியது கண். மூடாத கண் காய்கிறது, தூசி விழுகிறது, கருவிழியில் புண் உண்டாகிறது. முகம் நேரான பிறகும் பார்வை போனது போனதாகவே இருக்கும். பகலில் கண்ணாடி அணியுங்கள். மருத்துவர் தரும் சொட்டு மருந்தை அடிக்கடி விடுங்கள். இரவில் களிம்பு இட்டு, அவர் காட்டித் தரும் முறையில் இமையை மூடி மெதுவாக ஒட்டுங்கள். திறந்த கண்ணின்மேல் நேராகப் பஞ்சை வைத்துக் கட்ட வேண்டாம். அது கருவிழியைக் கீறும். கண் சிவந்தாலோ வலித்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள்.

நோயுற்றவருக்கு நம் கடமை

இந்த நோயில் நம்பிக்கைக்குப் பெரும் இடம் உண்டு. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஒரு மருத்துவர் இருபத்தைந்து ஆண்டுகளாக, மருந்து எதுவும் பெறாத 1,701 நோயாளரைக் கவனித்து 2002இல் வெளியிட்டார். நூற்றுக்கு 85 பேருக்கு மூன்று வாரத்துக்குள் அசைவு திரும்பத் தொடங்கியது. 71 பேர் முழுமையாகக் குணமடைந்தனர். பிள்ளைகள் விரைவாகத் தேறினர். முதியவர்கள் மெதுவாகத் தேறினர். ஆகவே அஞ்ச வேண்டாம். ஆனால், 'தானாகப் போய்விடுமே, மருந்து எதற்கு?' என்றும் எண்ண வேண்டாம். மீதி 29 பேரில் நாம் ஒருவராக இருந்தால் என்ன செய்வது? மூன்று மாதம் கடந்தும் முகம் திரும்பாவிட்டால் மீண்டும் மருத்துவரிடம் போக வேண்டும்.

முகம் வெறும் தசை அன்று. ஒருவரை ஒருவர் அறிவதும், அன்பு காட்டுவதும் முகத்தாலேயே. கால் முறிந்தவர் கட்டோடு கோவிலுக்கு வருவார். முகம் கோணியவர் வருவதில்லை. பாடகர் குழுவில் பாடிய பெண் வீட்டுக்குள் ஒடுங்கிவிடுகிறாள். நிச்சயம் செய்த திருமணத்தைத் தள்ளி வைக்கிறார்கள். இந்த நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதில்லை. அறிவைப் பாதிப்பதில்லை. நேரில் பார்த்ததும் வாயைப் பார்த்துப் பேசாமல், கண்ணைப் பார்த்துப் பேசுங்கள். அதுவே பாதி மருந்து.

கனடா நாட்டில் ழான் கிரெத்தியான் என்பவர் இளமையில் வந்த முகவாதத்தால் வாயின் ஒரு பக்கம் கோணியவராகவே வளர்ந்தார். பத்தொன்பது பிள்ளைகள் பிறந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் பதினெட்டாமவர். 1993 பொதுத் தேர்தலில் ஆளுங்கட்சியார் அவருடைய கோணிய முகத்தைப் பெரிதாகக் காட்டித் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்தார்கள். மக்கள் கொதித்தெழுந்தனர், விளம்பரம் திரும்பப் பெறப்பட்டது. அந்தக் கட்சிக்கு இரண்டே இடங்கள் கிடைத்தன. தோல்விக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் ஒருவர் முகத்தை இகழ்வதை மக்கள் பொறுக்கவில்லை என்பது தெளிவாயிற்று. கிரெத்தியான் 2003 வரை பத்தாண்டுக் காலம் அந்நாட்டின் பிரதமராக இருந்தார். கோணிய வாயால் பேசியே ஒரு நாட்டை ஆண்டார்.

முடிவாக

அன்பர்களே, சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறோம். நாற்பது வயதைக் கடந்தவர்களும், குடும்பத்தில் சர்க்கரை உள்ளவர்களும் இன்று இந்த முகாமிலேயே இரத்தம் கொடுத்துச் சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள், கொதிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் மாதந்தோறும் இரத்த அழுத்தம் பார்ப்பதைத் தவறவிடாதீர்கள். யாருக்காவது முகம் கோணினால் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கண்ணைக் காத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாதர் சங்கத்தாரும் வின்சென்ட் தே பவுல் சபையாரும் வீடுகளுக்குச் செல்லும்போது இந்தச் செய்தியைக் கொண்டு சென்றால், நம் பொன்விழாவுக்கு அதுவே சிறந்த பரிசாகும்.

செபம் கேட்டு எங்களிடம் வாருங்கள். கதவு திறந்தே இருக்கும். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வாருங்கள், அல்லது போய்விட்டு வாருங்கள். போகாமல் வராதீர்கள்.

 மேசைகள் தயாராக இருக்கின்றன. பெரியவர்களும் கர்ப்பிணிகளும் முதலில் செல்லட்டும்.